மொட்டை மாடியில் சென்னை டவர்

கோவளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் பைலட் என்று ஒருவன்தான் உண்டு. அடுத்த வீட்டு பெஞ்சமின். அவன் அம்மா செங்கம்மாக்கா, தினமும் பஸ் ஏறிப் போய் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவர். புருஷன் விட்டுப்போன திருப்போரூர் மனையை விற்று மகனை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார். அவன் விமானம் ஓட்டும் லைசென்ஸோடு வந்து இறங்கியபோது தெருமுனையில் பேனர் கட்டியவர்களில் நானும் ஒருவன். 'கேப்டன் பெஞ்சமின்' என்று தொப்பி வைத்த படம் போட்டிருந்தோம்.

அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது என்று எங்களுக்கு என்ன தெரியும்? அதை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டுமாம். அதற்கு விமானச் சட்டம், வானிலை என்று மறுபடியும் பரீட்சைகள். டாக்டர் சோதனை. ரேடியோவில் பேசுவதற்குத் தனியாக ஒரு பரீட்சை. கடைசியில் இங்கேயும் ஒரு விமானத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். பெஞ்சமின் சட்டப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டான். ரேடியோவிலும் ஒரு முறை. அம்மா கேட்டால் "ஆர்டர் வரணும்மா" என்பான். பெற்றவளிடம் ஃபெயில் என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? பின்னால் தெரிந்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் பேனர் கட்டிய கை என் கை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலமானால் காதில் ஒரு பெரிய ஹெட்செட்டோடு மொட்டை மாடிக்குப் போவான். "சென்னை டவர், விக்டர் டேங்கோ..." என்று இங்கிலீஷில் சத்தமாகப் பேசுவான். ஏர்போர்ட் கண்ட்ரோல் ரூமோடு பேசுவதுபோல, ரேடியோ பரீட்சைக்கான பழக்கம். மீனம்பாக்கத்துக்குப் போகிற விமானங்கள் எங்கள் கடலுக்கு மேலேதான் திரும்பும். துணி எடுக்க மாடிக்குப் போன செங்கம்மாக்கா இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்.

"எம்புள்ள சொன்னாதான் பிளேனே திரும்புது," என்றார் குழாயடியில். "வேலைல சேர்றதுக்கு மின்னாடியே டூட்டி பாத்துகினு கீறான்."

இது பெஞ்சமின் காதுக்கு வந்தபோது கூசிப்போனான். 'இல்லம்மா, பரீட்சைக்குப் படிக்கிறேன்' என்றால் எந்தப் பரீட்சை என்று கேட்பார். அதனால் மறுக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

போன நவம்பரில் ஒரு நாள் அடைமழை. கரண்ட் இல்லை, செல்லில் சிக்னலும் இல்லை. எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஞானதாஸின் மகள் ஜெஸ்ஸி மஸ்கட்டில் நர்ஸ். அவள் ஊருக்கு வருவதாக இருந்தது அன்றைக்குத்தான். ஞானதாஸும் அவர் மனைவியும் நனைந்தபடி பெஞ்சமின் வாசலில் வந்து நின்றார்கள்.

"நைனா, இந்த மழைல பிளேனு எறங்குமா இன்னான்னு தெர்ல. உன் மெஷின்ல ஒரு வார்த்த கேளேன்."

"மாமா, அது அப்டி கேக்கறதுக்கு இல்ல..."

"கேளுடா," என்றார் செங்கம்மாக்கா. "பாவம், பொம்பள அயுதுகினு கீது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மாடி ஏறினான். ஞானதாஸ் குடையோடு பின்னால் போனார், நானும் போனேன். ஹெட்செட்டை மாட்டினான். அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் இடுப்பருகே தொங்கியது. புது மாதிரி மெஷின் போல என்று நினைத்தோம். "சென்னை டவர்" என்று ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கேட்பதுபோல் நின்றான். இரண்டு முறை தலையை வேறு ஆட்டினான்.

"எறங்கிடும் மாமா. ஏர்போர்ட்டுக்கு போங்க."

விமானத்தை பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளத்தில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய், ஈரத் துணியோடு விடியும்வரை ஏர்போர்ட்டில் நின்றார்கள். ஜெஸ்ஸி மறுநாள் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

அதற்கு அடுத்த நாள் ஞானதாஸ் பெஞ்சமின் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று பெஞ்சமின் எழுந்து நின்றான். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார்.

"நீ கரீட்டாதான் சொன்ன நைனா. அப்பால எவனோ மாத்திட்டான். பொண்ணு உனக்குன்னு குட்த்தா, துன்னு. இனிமே அவ எப்ப வந்தாலும் உன்னத்தான் கேப்பேன்."

பெஞ்சமின் பெட்டியை வாங்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது. உள்ளே போய் ஹெட்செட்டை எடுத்து வந்து ஞானதாஸ் காதில் மாட்டினான்.

"இன்னா கேக்குது மாமா?"

"ஒண்ணியும் கேக்கலியே."

"அன்னிக்கும் ஒண்ணும் கேக்கல. நான் ஃபெயிலு மாமா. இந்த ஊரு லைசென்ஸே எனக்கு இன்னும் வரல. மாடில பேசனதெல்லாம் பரீட்சைக்கு."

ஞானதாஸ் அதைக் கழற்றித் பேரீச்சம்பழப் பெட்டியோடு நாற்காலியில் வைத்தார். "எம் பொஞ்சாதி ஜொரத்துல படுத்துகினு கீறாடா," என்றார். படி இறங்கிப் போய்விட்டார்.

செங்கம்மாக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொங்கும் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தெனமும் மாடில யாராண்டடா பேசிகினு இருந்த?"

"யாராண்டயும் இல்லம்மா," என்றான் பெஞ்சமின்.