ஓரிபேயின் வலப்பக்கக் கருக்கள்

தகிகாவா ஃபுசாயே படித்தது உயர்நிலைப் பள்ளி வரைதான். மீன் தொழிற்சாலையில் முள் எடுத்த கை, பதினாறு வருடமாக ஒசாகா ஆய்வகத்தில் எலிக் கருக்களைப் பிரித்தெடுத்து வந்தது. கடுகளவு கரு. அதன் நடுக்குழியில் சுழலும் நுண்ணிழைகள் நீரை இடப்பக்கம் தள்ள, அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு மரபணு விழிக்கும். இதயம் எந்தப் பக்கம் என்பது அப்போதே முடிவாகிவிடும். விழித்த இடம் நீலமாகத் தெரிய ஃபுசாயே சாயமேற்றித் தருவார். டாக்டர் ஓரிபேயின் வேலை படமெடுப்பது. அதற்கே அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இருபத்திரண்டு படம் காட்டினான். எல்லாவற்றிலும் நீலம் வலப்பக்கம்.

“சாதா எலின்னு சொல்லி, தகிகாவா சான் இதயம் வலது பக்கம் இருக்கிற எலியக் குடுத்திருக்காங்க, சென்செய். கூண்டு மாறிப்போச்சு. வயசாச்சில்ல,” என்றான் பேராசிரியரிடம்.

பேராசிரியர் வாகாசுகி முகம் சுளித்தார். “நெஜம்னா, மார்ச்சுக்கு மேல உங்கள வெச்சுக்க முடியாது, தகிகாவா சான்.”

“கூண்டு மாறல. லென்ஸ்ல நான் பாத்தப்ப எல்லாம் இடதுதான்.”

“உங்க கண்ண நம்பவா, கேமராவ நம்பவா?” என்றான் ஓரிபே.

“போன வாரம் திரையில ஊசி எதிர்ப்பக்கமாப் போகுதுன்னு கேமராவுல எதையோ அழுத்துனீங்களே?”

“அது என் வசதிக்கு. கருவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

பட்டம் வாங்கிய வாயிலிருந்துதான் இந்தக் கேள்வி வந்தது. ஃபுசாயே மதியத்துக்குக் கொண்டுவந்த சோற்று உருண்டையின் உறையிலிருந்து ஒட்டுத்தாளைக் கிழித்தார். அறை மூலையில் கேமரா பொருத்தியிருந்த நுண்ணோக்கியின் அடியில் வைத்துத் திரையை இயக்கினார். எழுத்துகள் இடவலமாகத் திரும்பி நின்றன.

“வாசி, ஓரிபே,” என்றார் பேராசிரியர்.

“பிளம் ஊறுகாய்… கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு, சென்செய்.”

“நாலு வருசமா இடது வலது ஆராய்ச்சி பண்ற, இல்ல?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓரிபே இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டான், பேராசிரியரைப் பார்த்து. கூண்டு மாற்றியதாகப் பழி சுமந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அது அவனுக்கு உறைக்கவில்லை; அவன் முதுகு தனக்கு மேலே பதவியில் இருப்பவருக்கு மட்டும் வளையப் பழகியது.

“நான் இங்க இருக்கேன், ஓரிபே சான்.”

திரும்பினான். ஒரு விரற்கடை குனிந்தான்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் ஃபுசாயே.

குனிந்தான். அவர் மனதுக்குள் நொடிகளை எண்ணி முடித்துவிட்டு, மார்ச்சில் முடியும் தன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளைப் பேராசிரியர் முன் வைத்தார். வாகாசுகி கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையைக் குத்தினார்.