ராசா சாப்பாட்டுக் கடையில் நிற்காத பாட்டு

மலேசியாவின் வடசிலாங்கூரில் இசை உரிம ஆய்வாளராக நெடுங்காலம் பணியாற்றினேன். வணிகத் தலத்தில் பாட்டு ஒலித்தால், இயற்றியோர்க்கும் பாடியோர்க்கும் உரிய உரிமத்தைக் கடைக்காரர் பெற்றிருத்தல் வேண்டும். தம் சொந்தப் பாட்டைத் தாமே பாடுவோர்க்கு அது தேவையில்லை. இத்துறைக்குப் புதியவர்கள் பொருட்டு ஒரு நண்பகலை இங்கே குறிக்கிறேன்.

ராசா என்னும் சிற்றூரில் இலட்சுமணனின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெண்குரல் கேட்டது. பக்கவாத்தியம் இல்லை. நான் அறியாத பாட்டு. இலைமுன் அமர்ந்து சிலர் உண்டுகொண்டிருந்தனர்.

உரிமம் கேட்டேன். ஒரு லோரி ஓட்டுநர் நிமிர்ந்தார். "வெளிய காக்கா கத்துது சார், அதுக்கும் லைசென்ஸ் கேளுங்க லா!"

எவரும் சிரிக்கவில்லை.

"இது எங்க வீட்டுக்காரி பாக்கியம் கட்டுன பாட்டு சார். சமைக்கிறப்ப பாடுவா," என்றார் இலட்சுமணன்.

"கூப்பிடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அவர் சமையற்கட்டின் திரையை விலக்கினார். மாலையிட்ட படம், அதன்முன் விளக்கு, அருகில் ஒரு ஸ்பீக்கர். அம்மையார் சென்ற வாரம் இறந்திருக்கிறார்.

"போன்ல புடிச்சு வச்சது சார். கருமாதி வரைக்கும் விளக்கும் அணையக்கூடாது, பாட்டும் நிக்கக்கூடாது. கடைய மூடிட்டா அவ யாருக்குப் பாடுவா?"

ஒலி எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்யக் கருவியை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது எங்கள் நடைமுறை. அதைச் சொன்னேன். அவர் சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம் சார். நின்னா போயிருவா. பதினாறு முடியட்டும், நானே அனுப்பி வைக்கிறேன்."

அந்நேரம் மின்சாரம் தடைப்பட்டது. மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. ஸ்பீக்கரின் பச்சைப் புள்ளி மறைந்தது. இலட்சுமணன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

பாட்டு நிற்கவில்லை.

"பேட்டரியில ஓடுதா?" என்றேன்.

"அது செத்து ரொம்ப நாளாச்சு சார். வயர்லதான் ஓடும்," என்றார், கண் திறவாமலே.

பின்னாலிருந்து ஓட்டுநர் வழக்கம்போல் குரல் கொடுத்தார்: "பாக்கியக்கா, கொஞ்சம் ரசம்!"

அழைத்தவர்க்குச் செவிகொடுப்பதுபோல் பாட்டு ஓரடியின் நடுவில் நின்று, பின் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தது. இலட்சுமணன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

இளையோரே, உரிமம் கேட்கும் முன் பாடுபவர் யார் என்று கேளுங்கள். நம் ஆய்வுப் படிவத்தில் பதிவா, நேரடியா என்றொரு வினா உண்டு. அதற்குக் கண்டதைக் கொண்டு விடையளிக்காதீர்கள், கேட்டதைக் கொண்டு அளியுங்கள்.

'நேரடி. பாடியவரின் சொந்தப் பாட்டு. உரிமம் தேவையில்லை' என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.