கரையான் ஏறாத சுவர்

மங்கம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்து வயிறெரியாத பெண் அந்த மலையூரில் கிடையாது. மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய சுவரை மற்ற வீடுகளில் இரண்டு மழைக்குள் கரையான் தின்று தீர்த்துவிடும். இவள் சுவரில் ஒரு கீறல் இருக்காது. ஈ, கொசு, பல்லி எதுவும் அண்டாது. "இன்னாடி மந்திரம் போட்ட?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கொஞ்சம் கர்வக்காரிதான்.

மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. ஒடுகத்தூரில் புளி விற்றுவிட்டு வரும்போது புருஷன் சின்னதம்பி, கரையானுக்கு நல்லது என்று கடைக்காரன் சொன்ன வெள்ளைப் பொடியைக் காகிதத்தில் மடித்து வாங்கி வருவான். அதைச் சாணத்தில் கரைத்துச் சுவருக்கும் தரைக்கும் மெழுகுவாள். சன்னல் இல்லாத வீடு. படுத்து எழுந்தால் தலை கனக்கும். புது மெழுகு வாசனை அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், தவழ ஆரம்பித்திருந்த மகன் மாதையனுக்கு வலிப்பு வந்தது. காத்து கருப்பு என்றார்கள். அதற்கு அந்த ஊரில் முதலில் செய்வது, வீட்டைப் புதிதாய் மெழுகுவது. மெழுகினாள். திரும்ப வந்தது, திரும்ப மெழுகினாள். பிள்ளை போய்விட்டது. தீட்டுக் கழிக்க, பொடியை இன்னும் ஒரு பிடி கூடப் போட்டு மெழுகினாள்.

பிறகு பூங்கோதை பிறந்தாள். சாமைப் பயிர்க் காவலுக்காக ஊருக்கு வெளியே கொல்லைக் காட்டில் குடிசை போட்டுத் தங்கியிருந்தவரை கொழுகொழுவென்று இருந்த குழந்தை, அறுப்பு முடிந்து வீடு திரும்பிய வாரமே கண் செருகி வெட்டி வெட்டி இழுத்தது. மங்கம்மாள் அழுதுகொண்டே சாணம் கரைக்க உட்கார்ந்தாள்.

ஒத்தாசைக்கு வந்திருந்த அக்கா குப்பம்மாள் சந்தவாசல் பக்கம் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை பார்த்தவள். பொட்டலத்தைப் பிரித்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"அடிப்பாவி, இது மல்லாட்டைக்குப் பூச்சி வுழுந்தா தூவுற வெசம்டி! மூட்டை மேல மண்டையோடு போட்டிருக்கும். தூவுற அன்னிக்கு மூக்குல துணி கட்டிக்கச் சொல்வாங்க. இதையா வூட்டுக்குள்ள மெழுவுற?"

சாணத்துக்குள் மங்கம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. காகிதப் பொட்டலத்தில் மண்டையோடு ஏது? நாலு சுவரையும் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மாதையன் தவழ்ந்தது இதன் மேல்தான். விரல் சூப்பியது இதைத் தொட்ட கையால்தான். மூச்சு விட்டதும் இதைத்தான். ஒவ்வொரு வலிப்புக்கும் அவளே கரைத்துக் கரைத்துப் பூசியிருக்கிறாள்.

குழந்தையை வாரிக்கொண்டு கொல்லைக் குடிசைக்கு ஓடினாள். அங்கே நாளாக நாளாக இழுப்பு குறைந்து நின்றது. சின்னதம்பி வீட்டை இடித்து மண்ணைக் குழி தோண்டிப் புதைத்தான். வேறு இடத்தில் புது வீடு கட்டினார்கள்.

முதல் மழைக்கே சுவரில் கரையான் ஏறியது. துடைப்பத்தை எடுத்த சின்னதம்பியின் கையை மங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. அது பொழைக்கிற வூட்லதான் எம்புள்ளையும் பொழைக்கும்."