ஒரு சாண் குறைந்த போதகர்

என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நாற்பது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களோடு உட்கார்ந்து வேதம் படித்து, இந்த ஜனவரியில்தான் எங்கள் சபைக்குப் போதகராக வந்தார். தோளிலிருந்து பை இறங்கியதே தவிர பழக்கம் இறங்கவில்லை. முதல் ஞாயிறே, கதவோரம் கூட்டமாக நின்றவர்களைப் பார்த்து, "முன்னாடி காலியா இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆராதனை நடுவில் குரல் கொடுத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜனங்களோ மறுபேச்சு இல்லாமல் முன்னால் நகர்ந்தார்கள்.

இவர் குள்ளம். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன், அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முன்பிருந்த போதகர் நல்ல உயரம். அவர் விட்டுப்போன அங்கி இவருக்குத் தரையைப் பெருக்கியது. அவர் உயரத்துக்குச் செய்த பிரசங்க பீடத்தின் பின்னால் இவர் நின்றால் நெற்றியும் தலைமுடியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. நான் தையல்காரி. அங்கியை ஒரே மத்தியானத்தில் சரி செய்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவருக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஜோரில் சபைக் கமிட்டிக்குப் போய், "என் வீட்ல அங்கியை வெட்டின மாதிரி, பீடத்தையும் ஒரு சாண் வெட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கமிட்டியில் இருந்த ஆறு பேரில் ஒருவர், அந்தப் பீடத்தைச் செய்த தச்சர். ஓர் ஆணிகூட அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்து, முகப்பில் திராட்சைக் கொடி செதுக்கி, எட்டு மாதம் உட்கார்ந்து இழைத்த பீடம் அது. அவர் சண்டை போடவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு அவர் மனைவி மட்டும் கோயிலுக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு பீடத்தில் யாரும் கை வைக்கவில்லை. இவர் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று வருடம் பூராவும் பிரசங்கம் செய்தார். இவர் அழுத்திப் பேசும் இடங்களில் எல்லாம் பெட்டியும் கூடச் சேர்ந்து முனகியது.

டிசம்பர் வந்ததும் இவருக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நான் மெஷினில் உட்கார்ந்தால், பொத்தான் தைத்துத் தருகிறேன் பேர்வழி என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடியப்போகும் வருடத்தை என் முன்னால் பிரித்துப் போடுவார். நோயாளி வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தான் என்பார். டீயைக் கொண்டுவந்து வைத்த பிறகு ஜெபத்தை நீட்டக்கூடாது, அந்த வீட்டு அம்மாவின் கண் டம்ளர் மேலேயே இருக்கும் என்பார். ஊழியத்தில் பாதி நாற்காலி அடுக்குவது என்று கண்டுபிடித்திருந்தார். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த வருடம் கற்றதுதான். அது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் கோணிப்போகும். ஆனால் எங்கே சுற்றினாலும் பேச்சு தச்சரிடம்தான் வந்து நிற்கும்.

"கடைசி ஆள் படியில கால் வைக்காம நான் விசில் அடிச்சதே இல்ல. இந்த வருஷம் ஒருத்தரை ஸ்டாப்லயே விட்டுட்டேன். எப்படி இதை முடிக்கிறது?" என்றார் ஒருநாள்.

பட்டறைக்கு ஏழு தடவை மன்னிப்புக் கேட்கப் போயிருந்தார். தச்சர் மரத்தை இழைப்பதை நிறுத்தாமலே, "சரிங்க பாஸ்டர்" என்று மரியாதையாகச் சொல்லி ஏழு தடவையும் அனுப்பிவைத்தார். நான் போய்ப் பேசுகிறேன் என்றாலும் விடவில்லை. இது தன் வாய் செய்த வேலை, தானே சரி செய்ய வேண்டும் என்பார்.

வருடத்தின் கடைசிக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கம் சூடு பிடித்த நேரத்தில் படார் என்று ஒரு சத்தம். போதகரைக் காணவில்லை. பீடத்துக்குப் பின்னாலிருந்து, "நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று குரல் மட்டும் வந்தது. கோயிலே குலுங்கிச் சிரித்தது. பெட்டி ஆணியில் மாட்டி அங்கியின் அடித்தையல் பிரிந்து, துணி தரையில் இழுபட, இவரும் சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் வந்து நின்று மீதியைப் பேசி முடித்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "எல்லாரும் சிரிச்சாங்க. அதுல ஒரு குரல் குறைஞ்சுது" என்றார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் தானே சரி செய்கிறேன் என்று சுத்தியலை எடுத்து, மூன்றாவது அடியிலேயே கட்டைவிரலைப் பதம் பார்த்துக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. அடித்தையல் போட எடுத்து வைத்திருந்த அங்கியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

மரத்தூளுக்கு நடுவில் ஜன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார் தச்சர். இரண்டையும் அவர் மேஜையில் போட்டேன்.

"அண்ணே, பீடத்தைப் பத்திப் பேச வரல. பெட்டி உடைஞ்சுபோச்சு, சரி பண்ணித் தாங்க."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயா ஒரு வருஷமா நின்னாரு?"

"நின்னாரு. உங்க பீடத்துல ஒரு கீறல் விழாம நின்னாரு."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். தையல் பிரிந்து தொங்கிய அங்கியின் ஓரத்தை எடுத்து இரண்டு விரலால் நீவினார். மடிப்பின் தடம் அப்படியே இருந்தது. துணி முழுசாக இருந்தது.

"வெட்டலையா?"

"வெட்டலண்ணே. உள்ள மடிச்சுத் தைச்சிருந்தேன். நாளைக்கு உயரமா ஒருத்தர் வந்தா பிரிச்சு விட்டுக்கலாம். வெட்டிட்டா போனது போனதுதானே."

"பாஸ்டர் வெட்டினதாச் சொன்னாரே."

"அவருக்குத் தையலைப் பத்தி என்ன தெரியும்? வாழ்க்கையில அவர் கிழிச்சதெல்லாம் டிக்கெட்டுதான்."

தச்சரின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. அந்த ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, இவருடைய உயரம் என்ன என்று கேட்டார். தையல்காரியிடமா கேட்பது? விரற்கடை பிசகாமல் சொன்னேன். பெட்டியை மூலையில் வீசிவிட்டு, சனிக்கிழமை கோயில் சாவி வேண்டும் என்றார்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. வருடத்தின் கடைசி ஞாயிறு, பெட்டி இல்லாத கவலையோடு பீடத்துக்குப் பின்னால் போன இவர் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பீடத்தின் உட்புறத்தில் அதே மரத்தில், அதே பளபளப்போடு ஒரு படி. கீல் போட்டிருந்தது. தேவையென்றால் இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பீடத்தின் உட்பலகையோடு மடித்துவிடலாம். முகப்பிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாவது வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு தச்சர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்போதே, படியில் சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று என்னிடம் முறைப்பாகச் சொல்லியிருந்தார்.

இவர் ஏறினார். சத்தம் வரவில்லை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக என் புருஷன் மார்பளவு தெரிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஆட்காட்டி விரலை லேசாக அசைத்து, பின்வரிசையிலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஓடும் பஸ்ஸில் அப்படித்தான் எண்ணுவார். இரண்டாவது வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"எல்லாரும் ஏறியாச்சு" என்றார். பிறகு அந்தப் பழைய குரலில், "போலாம், ரைட்."

முதலில் சிரித்தது தச்சர்தான்.