அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்

பழங்காநத்தத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையின் மாடியில் இருக்கும் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. நான் பாடம் நடத்துவதில்லை. படித்து முடித்தவர்களைப் பேசவிட்டு, கேட்டு, மதிப்பெண் போடுவேன். மூன்று நிலைகளில் என்னிடம் வருவது நடு நிலை. இவர்களுக்கு ஆங்கிலம் வரும், ஆனால் காலம் குழம்பும். நேற்று நடந்ததை இன்று நடப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் பேச்சில், செத்துப்போன மாமனார் இன்னும் தினமும் காபி குடித்துக்கொண்டிருப்பார். அதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ள எனக்குப் பழகிவிட்டது.

போன வருடம் கோடையில் ஒரு நர்ஸ் தேர்வுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேரையூரில் புகுந்த வீடு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்கவிருந்தது. அதற்கு முன் தன் ஆங்கிலம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். டியூட்டி முடித்து நேரே வந்திருந்தார். கையில் மருந்து வாடை அடித்தது.

எங்கள் முறை எளிது. மேசைமேல் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை அவர்கள் எடுக்க வேண்டும். அதில் இருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பிறகு அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் கேள்விகளை நான் கேட்பேன். அதைத் தாண்டி எதுவும் கேட்கக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. பக்கத்தில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் எடுத்த அட்டை, முன்பு வசித்த ஒரு வீட்டைப் பற்றியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். வீடு திருநகரில் இருக்கிறது என்றார். இரும்பு கேட்டில் தாமரைப் பூ, அதில் ஒரு இதழ் இல்லை என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் திருநகரில் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கேட்டிலும் தாமரைதான். இதழ் உடைந்த இடம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். என் சேலை எத்தனையோ தடவை அதில் மாட்டியிருக்கிறது. திருநகரில் பாதி வீடுகள் ஒரே அச்சில் கட்டியவை, தாமரை கேட்டும் நிறைய உண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குள் நடந்தார். முன்னறை, நடுவில் அறை. அப்புறம் அடுப்படிக்கு ஒரு படி இறங்க வேண்டும். அடுப்படிச் சுவரின் உச்சியில் ஒரு நீலக் கண்ணாடி, வெயில் அடித்தால் தரை நீலமாகிவிடும். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, அடுத்த சொல் கிடைக்கும்வரை நிற்பார். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நீலத்தில் உட்கார்ந்துதான் அன்று காலையில் கீரை ஆய்ந்திருந்தேன்.

"அண்டர் தி கிச்சன், வெல்," என்றார். அடுப்படிக்கு அடியில் கிணறு.

எங்கள் அடுப்படியில் ஒரு சதுரம் மட்டும் வேறு சிமெண்ட். எந்தக் கோடையிலும் அது முழுதாகக் காயாது. அதன்மேல்தான் காஸ் சிலிண்டரை வைத்திருந்தேன்.

அவர் பேசி முடித்தார். அட்டையின் பின்னால் இருந்த முதல் கேள்வியை அப்படியே வாசித்தேன்: அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

"மை சிஸ்டர்," என்றார்.

அந்த வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். புரியாதவர்களுக்குக் கேள்வியை இன்னொரு முறை கேட்கலாம் என்று விதி உண்டு. கேட்டேன். 'இப்போது' என்ற சொல்லை அழுத்தினேன்.

"எஸ் மேடம். நவ். மை சிஸ்டர் இஸ் இன் தட் ஹவுஸ்."

'இஸ்' என்று எழுதி வட்டம் போட்டேன். 'வாஸ்' என்று வந்திருக்க வேண்டும், நடு நிலையில் இது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்து, நன்றி சொல்லி, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"பரீட்சைக்கு வாரவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அம்புட்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வருவியா?"

சிலிண்டரை நகர்த்திப் பார்த்தேன். அடியில் துருப்பிடித்த வட்டம், தொட்டால் ஈரம். வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம வீட்டுல கிணறு எதுவும் இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னு சொன்னாங்கம்மா. நான் வாங்கும்போதே மேல அடுப்படி கட்டிட்டாங்க. தூர்த்தாங்களா, சும்மா பலகையப் போட்டு மூடுனாங்களான்னு நான் கேக்கல. ஏன், தரை இறங்குதா?"

"இல்லண்ணே, சும்மா கேட்டேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மத்தியானம் ஒரு சத்தம் வரும். இரும்பு உருளை சுற்றுகிற மாதிரி ஒரு கிரீச். பிறகு ஏதோ கல்லில் இடிக்கிற மாதிரி டொக், டொக். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்றுதான் அத்தனை நாளும் இருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் வருவதால் தூக்கத்தோடு தூக்கமாகப் போய்விடும். உரிமையாளரோடு பேசிய மறுநாள் முதல் அந்த நேரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் மையத்தில் சில பதிவுகளை இன்னொருவர் கேட்டு மதிப்பெண்ணைச் சரிபார்ப்பார். அந்த வாரம் நர்ஸின் பதிவு சரிபார்க்கும் தம்பியிடம் போயிருந்தது. ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், 'வாஸ்' வர்ற இடத்துல இவங்க 'இஸ்' போட்டிருக்காங்க. நீங்க வட்டம் போட்டிருக்கீங்க, ஆனா மார்க் கழிக்கல?"

"அது தப்பான்னு எனக்குத் தெரியல தம்பி. தெரியாததுக்கு எப்படிக் கழிக்கிறது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அப்படியே கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வாங்க வந்த நர்ஸைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பரீட்சை முடிந்துவிட்டது, இனி நான் கேட்கலாம். "தாமரை கேட்டு போட்ட அந்த வீட்டுலதான் நான் குடியிருக்கேன்," என்றேன்.

டீ கிளாஸ் அவர் கையில் அப்படியே நின்றது. ஆச்சரியப்படுவார், தெருவின் பெயர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"மத்தியானம் கேக்குதா மேடம்?"

சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் தமிழில் சொன்னார், மெதுவாக. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. மத்தியானம் சாப்பிட்ட பாத்திரம் கழுவத் தண்ணீர் இறைக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அப்போது அந்த இடத்தில் அடுப்படி கிடையாது, கிணறு வெளியில் இருந்தது. உருளை சுற்றுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் வரவில்லை. போய்ப் பார்த்தபோது கயிறு உள்ளே தொங்கியது, செருப்பு கிணற்றடியில் கிடந்தது. ஆட்கள் இறங்கித் தேடினார்கள். மோட்டார் வைத்து அடிமண் தெரியத் தண்ணீரை இறைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

"திருமங்கலம் பஸ்ல அவ மாதிரி ஒரு பிள்ளை ஏறுச்சுன்னு யாரோ சொன்னாங்க. அப்பா அதப் பிடிச்சுக்கிட்டாரு. ஓடிப்போயிட்டான்னு சொல்லிட்டாரு. அம்மா நம்பல. மத்தியானமானா எந்திரிச்சு உக்காந்துக்கும். 'இந்தா தண்ணி எடுத்துட்டு வாரா'ன்னு சொல்லும். அப்பா உருளையக் கழட்டி வித்தாரு. அப்பவும் கேட்டுச்சு. கிணத்த மூடுனாரு, மேல அடுப்படியக் கட்டுனாரு. அப்பவும் கேட்டுச்சு. அப்புறம்தான் வீட்ட வித்தோம்."

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"நான் சின்னப் பிள்ளை. அம்மாவுக்குக் கேட்டதால எனக்குக் கேட்டுச்சோ என்னமோ." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இத யார்கிட்டயும் சொன்னதில்ல மேடம். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அன்னைக்கு இங்கிலீஷ்ல வந்துருச்சு. தமிழ்ல சொன்னா அழுதுருவேன். இங்கிலீஷ்ல சொல்லு கம்மியா இருந்துச்சு, சொல்ல முடிஞ்சுச்சு," என்றார்.

வெளிநாடு போவதற்கு முன் ஒருமுறை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேட்டைத் திறந்தபோது உடைந்த இதழில் படாமல் தானாகவே ஒதுங்கி நுழைந்தார். அடுப்படிப் படியில் பார்க்காமலே கால் வைத்து இறங்கினார். நீல வெளிச்சத்தைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிலிண்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். வெளியே வெயில் கொதித்தது. சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது, தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவி பாதிப் பாட்டில் நின்றது. பக்கத்து வீட்டு மோட்டார் இப்போது ஓட முடியாது என்று எனக்குத் தோன்றிய அந்த நேரத்தில், கிரீச் என்று கேட்டது.

உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. உருளை மெதுவாகச் சுற்றியது. நிறைந்த வாளியைப் பதமாக இழுக்கிற கை. டொக். கொஞ்சம் மேலே டொக். என் தொடையில் அந்த அதிர்வு ஏறியது. நர்ஸ் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஈரச் சிமெண்டில் வைத்தார், நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல.

"அக்கா, நான் போறேன்," என்றார்.

வாசல் தாண்டும் யாரும் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வதில்லை. போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள். அவர் தெரிந்துதான் சொன்னார். சத்தம் அந்த இடத்திலேயே, பாதி ஏற்றத்தில், நின்றது. வாளி மேலே வந்த சத்தமும் இல்லை, விழுந்த சத்தமும் இல்லை. கரண்ட் வந்ததும் சிலிண்டரைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

பஸ் ஸ்டாப்பில் விடப் போனபோது அவர் முகம் கழுவி, பவுடர் போட்டு, சாதாரணமாக இருந்தார். "ஸ்பீக்கிங்ல எனக்கு இன்னும் எங்க மேடம் சரிபண்ணணும்?" என்று கேட்டார். நிறுத்தி நிறுத்திப் பேசுவதைக் குறைக்கச் சொன்னேன். அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டார்.

நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். சத்தம் அதன் பிறகு சில மாதம் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தபோது, அதிரசம் சுட நான் கடைக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவர் அடுப்படி வாசலில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். என் கையில் இருந்த எண்ணெய்ப் பாக்கெட்டையே பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

"ஏங்க, என்ன?"

"இப்பத்தான் உள்ள இருந்து ஒரு பொம்பளப் பிள்ளை கூப்பிட்டுச்சு. தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. நீதான்னு நெனச்சு, வேணாம்னு சொல்லிட்டேன்."