கறுப்புத் திரையில் எங்கள் வீடு

கல்யாணமாகி நாலாவது மாதம் என் கணவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். பெரம்பலூரில் அவர்கள் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். மாமியார் காலையில் தூக்குச்சட்டியோடு பருத்திக் காட்டுக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேசிக்கொள்ள விஷயமும் இல்லை.

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. படித்ததை ஒரு நாள்கூடப் பயன்படுத்தியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்தபோது, கம்ப்யூட்டரில் பிளான் வரையக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"சும்மாதான இருக்க. போயிட்டு வா," என்றார்.

சும்மா இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் வாயால் கேட்டபோது என்னவோ போல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். டைப்பிங் கற்றுக்கொள்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டடம் வரைகிற கேட் சாஃப்ட்வேர், மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதற்கு வந்தவள் நான் ஒருத்திதான்.

"உண்மையச் சொல்லிடுறேங்க," என்றார் சென்டரை நடத்தியவர். "இத சொல்லிக்குடுத்த சார் திருச்சிக்குப் போயிட்டாரு. எனக்கு இது வராது. புக்கு இருக்கு, மெஷின் இருக்கு. நீங்க படிச்சவங்க, பாத்துக்குவீங்க."

ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திரையைப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. நடுவில் கூட்டல் குறி போல இரண்டு மெல்லிய கோடுகள், மவுஸை அசைத்தால் கூடவே அசைந்தன. ஓரங்களில் பொடிப்பொடியாகப் படங்கள். அடியில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஏதோ எழுத்துகள். பாலிடெக்னிக்கில் வெள்ளைத் தாளில், பென்சிலால், கையூன்றி வரைந்தவள் நான். இங்கே கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சாய்ந்த கோடு போட்டிருந்த படத்தை அழுத்தினேன். ஒரு இடத்தில் கிளிக் செய்ததும் அங்கிருந்து கோடு புறப்பட்டு மவுஸோடு வந்தது. இன்னொரு இடத்தில் கிளிக் செய்தேன். அங்கிருந்து அடுத்த கோடு. எங்கே போனாலும் ரப்பர் போல இழுத்துக்கொண்டு கூடவே வந்தது, விடவில்லை. நிறுத்தத் தெரியாமல் கிளிக் செய்துகொண்டே இருந்தேன். திரை சிலந்தி வலை போல ஆகிவிட்டது. பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என்டரைத் தட்டினால் கோடு நின்றுவிடும் என்று மறுநாள்தான் புத்தகத்தில் கண்டுபிடித்தேன்.

அடியிலிருந்த வெள்ளைப் பட்டையைக் கவனிக்க இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் அது என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதல் புள்ளி எங்கே, அடுத்தது எங்கே, எவ்வளவு தூரம். பதில் சொல்லாமல் நான்தான் மவுஸை இழுத்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்துப் பதில் தட்டப் பழகிய பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு நாளில் என்னிடம் அதிகமாகக் கேள்வி கேட்டது அந்தப் பட்டைதான் என்று பஸ்ஸில் திரும்பும்போது ஒருமுறை தோன்றியது. அன்று ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

புத்தகத்திலிருந்த பயிற்சிகள் முடிந்ததும் என்ன வரைவது என்று தெரியவில்லை. உடையார்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டை வரைய ஆரம்பித்தேன். அம்மா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அப்பா மட்டும் அங்கே இருந்தார்.

கூடம், உள் அறை, அடுப்படி, கொல்லை வாசல் எல்லாம் வந்தன. அளவுகளைக் கண் மதிப்பில் போட்டேன். மூன்றாம் நாள் மவுஸ் சக்கரத்தைத் தெரியாமல் உருட்ட, வீடு சுருங்கிப் புள்ளியாகி ஓரமாக ஓடிக் காணாமல் போயிற்று. வெறும் கறுப்பு. எந்தப் பக்கம் தேடினாலும் இல்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். பயிற்சிப் படம்தான், ஆனாலும் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டே எழுத்து தட்டினால், வரைந்தது எங்கே இருந்தாலும் முழுசாகத் திரைக்குள் வந்துவிடும் என்று போட்டிருந்தது. தட்டினேன். வீடு திரும்ப வந்தது.

அடுப்படிக்கு ஜன்னல் வைக்கும்போதுதான் கை நின்றது. எந்தச் சுவரில் ஜன்னல்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா போஸ்ட்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"நம்ம வூட்ட கம்ப்யூட்டர்ல வரையிறேம்பா."

"எதுக்கும்மா? வூடு இங்கதான இருக்கு."

"பழகுறதுக்குத்தான். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம்ப்பா?"

"அதுல ஜன்னல் இருக்கா?" என்றார் அப்பா.

"போய்ப் பாத்துட்டு வாங்க."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத காலடி தள்ளிப் போயிற்று. பிறகு எதுவும் இல்லை. கூடத்தில் ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. ஆள் இல்லாத எங்கள் வீட்டை அப்படி நான் கேட்டதே இல்லை. எல்லா நாளும் அப்பாவுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலடி திரும்பி வந்தது.

"ஜன்னல் இல்லம்மா. மேல பொக புடிச்ச ஒரு ஓட்ட இருக்கு. அவ்வளவுதான்."

"சரிப்பா."

"முப்பது வருஷமா அதுலயேதான் வெந்துருக்கா," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிறகு அவரே, "மத்த அளவும் வேணுமா? டேப்பு இருக்கு," என்றார்.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு நாள், தினமும் போனில் ஏதாவது ஒரு இடத்தின் அளவைச் சொன்னார். வாசற்படி அகலம், நிலை உயரம், கொல்லையில் கிணற்றடி வரை தூரம். நாங்கள் அதுவரை அவ்வளவு பேசியதில்லை. பேசியது முழுக்க அடியும் அங்குலமும்தான்.

படத்தை முடித்து ஒரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போனேன். அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். வாசலைக் காட்டியதும் விரலை அங்கே வைத்து, கூடம் வழியாக நடக்கிற மாதிரி மெதுவாக நகர்த்திக்கொண்டு அடுப்படி வரை போனார்.

"அவ எங்க நிப்பா?"

மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

"பொகையப் பத்தி எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல," என்றார். அம்மா சொல்லியிருப்பார், உங்கள் காதில் விழுந்திருக்காது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரே சோறு வடித்தார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் அரியலூரில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வேலை கிடைத்தது. தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ். இன்ஜினியர் பெரும்பாலும் சைட்டில் இருப்பார். உள் அறையில் நான் தனியாக வரைவேன். முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடப்பக்கப் படங்கள் எல்லாம் வலப்பக்கம் இருந்தன. அளவு போடும் படங்கள் மேலே இருந்தன. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்தார். அவர் யார், ஏன் போனார் என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுதான். கல்யாணமாகிப் போயிருச்சு," என்றார் இன்ஜினியர். "உங்களுக்குத் தோதா மாத்திக்குங்க."

நான் மாற்றவில்லை. அவள் அங்கே இருந்ததற்கு மிச்சம் அது ஒன்றுதான். அவள் வைத்திருந்தபடியே பழகிக்கொண்டேன். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.