கிளிஞ்சல் கேஸும் ஒரு வெள்ளை அம்பாசிடரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் தோண்டிக்கொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றுக்கடியிலிருந்து வாரி எடுத்துப் படகில் கொட்டுவோம். அது சுண்ணாம்பு சுடப் போகும்.

ஏரியை அரசாங்கம் ஒரு கான்ட்ராக்டருக்கு விட்டிருந்தது. அவர் கூப்பிட்டால்தான் எங்களுக்கு வேலை. ‘நடுவில் ஆள் வேண்டாம், எங்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடுங்கள்’ என்று எங்கள் சங்கம் கேஸ் போட்டது. ‘இவர்கள் தொழிலாளிகளே இல்லை, மீன்பிடிக்கிறவர்கள்’ என்று அரசாங்கம் பதில் சொன்னது. கேஸ் போட்ட கோபத்தில் கான்ட்ராக்டர் எங்களைக் கிளிஞ்சல் எடுக்க ஏரியில் இறங்கவே விடவில்லை.

பெண்கள் சார்பில் நான்தான் சாட்சி. அடுத்த வாய்தா அன்றைக்கும் சாட்சி வராவிட்டால் கேஸைத் தள்ளிவிடுவேன் என்று ஜட்ஜ் சொல்லியிருந்தார். பார்த்து அன்றைக்கா பஸ் கெட்டுப்போக வேண்டும்! திருப்பாலைவனம் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. சங்கத் தலைவர் பாயும் நானும் கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனோம். கடைசியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. உள்ளே வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர்.

“மெட்ராஸ் கோர்ட்டுக்குப் போவணும் சார். கிளிஞ்சல் கேஸு” என்றார் பாய்.

அவர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். “நானும் அங்கதான் போறேன், ஏறுங்க. ஆனா கேஸைப் பத்தி என்கிட்ட எதுவும் பேசக்கூடாது.”

பெரிய மனுஷர், வம்பு வேண்டாம் என்று நினைக்கிறார்போல என்று விட்டுவிட்டேன். பேச்சை மாற்றுவதற்காக, “ஏரியில என்னம்மா கிடைக்கும்?” என்று அவரே கேட்டார்.

“இறாலு சார்! கிளிஞ்சல் வேலை இல்லாத நாள்ல நான் இறால் தடவத்தான் போவேன். கையாலயே துழாவிப் பிடிச்சா பறிக்கூடை ரொம்பிடும்!”

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மீஞ்சூர் தாண்டியும் இறாலை விடவில்லை.

கோர்ட்டில் அதே மனுஷர் கறுப்பு கோட்டோடு எழுந்து நின்றார். அரசாங்க வக்கீல்! ஏரியை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். “மீன் பிடிக்கிறவங்கன்னு அவங்க சொல்றதுக்குத் தோதா எல்லாத்தையும் கொட்டிட்டியேம்மா” என்று பாய் முனகினார். என் பேரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன்.

வக்கீல் கடுமையாகத்தான் குறுக்குவிசாரணை செய்தார். ஆனால் இறாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ்தான் கேட்டார்: “வேற வேலை ஏதாவது பாக்குறியாம்மா?”

“இறால் தடவுவேனுங்க. இந்த சாருக்குத் தெரியும், கார்ல சொன்னேனே!”

“எந்தக் கார்?”

வக்கீல் எழுந்து நடந்ததைச் சொன்னார். கோர்ட்டே சிரித்தது, ஜட்ஜும்தான். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. “வேலை குடுக்காத நாள்ல வயித்துக்கு இன்னா பண்றதுங்க? தினம் வேலை இருந்தா நான் ஏன் இறாலைத் தேடிப் போறேன்?” என்றேன். ஜட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார்.

சில மாதங்களில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. சங்கத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடச் சொல்லி உத்தரவு. வெளியே வராந்தாவில் அந்த வக்கீல், “உன்னை ஏத்திக்கிட்டு வந்ததுக்கு எனக்கு நல்லா வேணும்” என்று சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

அன்றைக்குக் காரை நிறுத்தாமல் போயிருந்தாலே அவர் ஜெயித்திருப்பார். அதற்கப்புறம் சங்கத்துக்காக எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கிறார் என்பதற்காக ஒருவரைக் கெட்டவர் என்று நினைக்க எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.